பெர்லினில் எனக்கு வீட்டு வேலை கொடுத்த தோழிக்கு

அன்புத் தோழி,

வந்து இறங்கிய இரவே வீட்டின் இன்னொரு சாவியை என் கையில் கொடுத்து, "நாளைக்குப் பால் தீர்ந்துடும், கீழே கடையில வாங்கி வச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாய். என் முதல் நன்றி அதற்குத்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் போய்த் தங்கினால் ஒரு டம்ளரைக்கூட நம்மைக் கழுவவிட மாட்டார்கள். அதுவும் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் நாளே எப்போது கிளம்பலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். உன்னிடம் எனக்கு அப்படி ஒரு நாளும் தோன்றவில்லை. விருந்தாளியாக வைக்காமல் வீட்டு ஆளாக வைத்திருந்தாய்.

நொய்க்கோல்ன் பகுதியில் உன் கட்டடத்து அழைப்பு மணிப் பலகையை மறக்கவே முடியாது. அங்கே வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். துருக்கி, போலந்து, அரபு, ஜெர்மன் பெயர்களுக்கு நடுவே உன் குடும்பப் பெயராக உன் அப்பாவின் பெயர். மதுரையைத் தாண்டி அதிகம் போகாத மனிதர், பெர்லினில் ஒரு வாசலில் இருக்கிறார். கடைக்குப் போய்வரும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். போனில் சொன்னேன், போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பியதை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார், பார்த்தாயா?

நீ கொடுத்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுப்பது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று வாங்கும்போதே டெபாசிட் பிடித்துக்கொள்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் மூலையில் இருக்கும் மெஷினின் வட்டத் துளையில் பாட்டிலின் அடிப்பக்கத்தை வைத்தால், உள்ளே அதைச் சுழற்றிப் பார்கோடைப் படித்துவிட்டு இழுத்துக்கொள்ளும். நசுங்கிய பாட்டிலென்றால் திரும்பத் தள்ளிவிடும். பிறகு பொத்தானை அழுத்தினால் துண்டுச்சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். பூங்காவில் குடித்த பாட்டிலை மட்டும் நீ வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாய். குப்பைத் தொட்டிக்குள்ளும் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பாய். பாட்டில் பொறுக்கி அந்தக் காசில் சமாளிக்கிற வயதானவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம் என்று. அந்த ஊரில் நிறைய பேர் இப்படிச் செய்வதைப் பிறகு கவனித்தேன். உன்னிடம் பார்த்திராவிட்டால் அது என் கண்ணிலேயே பட்டிருக்காது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. மளிகைக் கடை, துணிக் கடை எல்லாம் அடைப்பு. ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் எழுதிய ஞாயிறு ஓய்வு இன்றைய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது என்றாய். அந்த ஓய்வு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பேக்கரி மட்டும் சில மணி நேரம் திறந்திருக்கும். வரிசையில் நின்று சூடான ரொட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. வெண்ணெய் தடவி, அதன்மேல் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைத் தூவிச் சாப்பிடுவோம். வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பதால் அந்தக் காலை உணவு மதியம் வரை நீளும். பள்ளிக்கூடக் கதையெல்லாம் அந்த மேசையில்தான் பேசித் தீர்த்தோம்.

வெள்ளிக்கிழமை மைபாஹ்-ஊஃபர் கால்வாய்க் கரைச் சந்தை. 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. அப்படி வந்த மக்கள் கடை போடும் சந்தை என்பதால்தான் நமக்கும் அங்கே வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கட்டுக்கட்டாகப் புதினாவும் கிடைக்கின்றன. கடை கட்டும் நேரத்தில் போனால் விலை சரசரவென்று இறங்கும் என்று அந்த நேரம் பார்த்துத்தான் அழைத்துப் போவாய். சுண்டுவிரல் அளவு துருக்கி வெண்டைக்காயில் நீ செய்த பொரியலை அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

ஜூன் மாதம் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். லிண்டன் மரங்கள் பூத்துத் தெருவெல்லாம் மணக்கும். நீ வேலை முடித்து வந்ததும் டெம்பெல்ஹோஃப் திடலுக்கு நடப்போம். 1948-49இல் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில் வழிகளை அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் ஏற்றிவந்த விமானங்கள் இறங்கிய இடம். 2008இல் விமான நிலையத்தை மூடி, 2010இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீள ஓடுபாதையில் சைக்கிளும் ஸ்கேட்டும் பட்டமும். நடுவே புல்வெளியில் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். வானம்பாடிகள் தரையில் முட்டையிடும் பருவம், மிதித்துவிடக் கூடாதென்று. ஓரங்களில் வீடு கட்ட நகர அரசு திட்டம் போட்டபோது 2014இல் மக்கள் வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள். இந்த வீடு கிடைக்க நீ எவ்வளவு அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்று புலம்புகிறவளும் நீதான். ஆனாலும் அந்தத் திடலைத் தொடக் கூடாது என்று அடித்துச் சொன்னாய். இங்கே கண்மாய்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமானதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நானும் உன் பக்கம்தான்.

அருங்காட்சியகங்களும் பிராண்டன்பர்க் வாசலும் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. அதைப் பற்றி வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பரில் வருகிறாய் என்று உன் அப்பா சொன்னார். ஹோட்டல், அத்தை வீடு என்றெல்லாம் யோசிக்காதே, நேரே இங்கே வா. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குப் போவோம், பை தூக்குவது நீ. மார்கழி பிறந்திருந்தால் வாசல் கோலமும் உன் பொறுப்பு. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

உன் தோழி