ஜமாபந்தி முடிவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடுகிறது

மதிப்புக்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் வருவாய்த் துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூலை கடைசி வரை எனக்கு வேதியியல் மறந்துபோகும். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடுவது, ஓ.டி.பி. வராத அப்பாவின் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பது, இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்காருவது, இவைதான் வேலை. அப்படி உட்கார்ந்த நேரங்களில் மனதில் ஓடியதைத்தான் எழுதுகிறேன்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக மருத்துவத்துக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் வரை நீண்டது. அதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வரும் பிள்ளைக்குக் கட்டணத்தில் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முப்பது வருடம் முன்னால் நான் கல்லூரியில் சேர்ந்தபோது இதில் ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் கம்மல் மட்டும்தான் இருந்தது. ஆகவே நன்றி சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்கிறேன்.

காலம் ஒத்துவரவில்லை. கடந்த 2025-இல் ரிசல்ட் வந்தது மே 8. அதற்கு முந்தின நாளே பொறியியல் விண்ணப்பப் பதிவு தொடங்கி, ஜூன் 6 வரை நடந்தது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இந்த நாட்களில்தான் ஊர் முழுக்கத் தேவைப்படுகின்றன. அதே நாட்களில்தான் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை. வி.ஏ.ஓ. கணக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருப்பார். வருவாய் ஆய்வாளர் அங்கே. துணை வட்டாட்சியரும் அங்கே. இவர்கள் மூவரையும் தாண்டித்தான் முதல் பட்டதாரிச் சான்று வரவேண்டும். "ஜமாபந்தி முடியட்டும் சார்" என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கலந்தாய்வு ஜமாபந்திக்காக நிற்காதே!

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். 200-க்கு 171 கட் ஆஃப். அவள் ஊரில் எட்டாம் வகுப்பு வரை இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றே. ஒன்பதிலிருந்து எங்களிடம் படித்தாள். ஆறிலிருந்து எட்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கவில்லை என்பதால் 7.5 கிடையாது. எட்டு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்காக அது உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் பணத்தை 2024 டிசம்பரில் நீங்களே திறந்துவிட்டீர்கள். மாதம் ஆயிரத்துக்குத் தகுதியான பிள்ளை, சீட்டுக்கு மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகிறாள்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, முதல் பட்டதாரிச் சலுகையாவது கிடைக்கும் என்று விண்ணப்பித்தோம். தாத்தா பாட்டியிலிருந்து அண்ணன் வரை அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பா பெயர் குடும்ப அட்டையில் 'முனு' என்று தொடங்குகிறது, ஆதாரில் 'முனி' என்று. ஓர் எழுத்து. ஆதாரைத் திருத்த இரண்டு நாள் கூலி போயிற்று. மறுபடி விண்ணப்பம், மறுபடி அறுபது ரூபாய். சான்றிதழ் கைக்கு வந்தபோது கலந்தாய்வுக்கான சரிபார்ப்பு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சீட் கிடைத்தது, சலுகை கிடைக்கவில்லை. ஒதுக்கீட்டு ஆணை வந்து ஒரு வாரத்துக்குள் கல்லூரியில் பணம் கட்டியாக வேண்டும். அவள் அம்மா என்ன செய்தாரென்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை பள்ளிக்கு வந்தபோது காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசு ஈடுகட்டும். இப்போது ஆதிதிராவிட மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதை அவர் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். கல்லூரி கேட்பது ஜூலையில், பணம் வருவது எப்போதோ. நடுவில் உள்ள மாதங்களுக்கு யார் ஜவாப்தாரி? எங்கள் பழைய மாணவன் ஒருவனிடம், "முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் எடுத்துக்கோ" என்று ஒரு கல்லூரி சொன்னது. கட்ட முடிந்தவன் எதற்கு ஸ்காலர்ஷிப் கேட்கிறான்? டி.சி.யையும் மதிப்பெண் சான்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாதென்று யு.ஜி.சி. 2018-இலேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பை அச்செடுத்து அவனிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

கல்விக் கடனைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. நான்கு லட்சம் வரை ஈடும் வேண்டாம், கையிலிருந்து முன்பணமும் வேண்டாம் என்பது விதி. மேலாளரின் மேசைக்கு முன்னால் போனால், "அப்பா பெயரில் இடம் ஏதாவது இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

வருவாய்த் துறைச் செயலர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கான சான்றிதழ்களை அரையாண்டு விடுமுறை முடிந்ததும் ஜனவரியிலேயே பள்ளிக்கு வந்து விண்ணப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டு செல்லும்; ஜனவரியில் கொடுத்தாலும் கலந்தாய்வுக்குச் செல்லுபடியாகும். இன்ஷியல், எழுத்து வித்தியாசம் இருந்தால் திருத்திக்கொள்ள ஐந்து மாதம் கிடைக்கும். பிள்ளைகளின் ஆதாரும் பெற்றோர் பெயரும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸ் பதிவில் ஏற்கெனவே இருக்கின்றன.

உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களே, ஒதுக்கீட்டு ஆணையிலேயே இந்த மாணவர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை இவ்வளவுதான் என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். சலுகையும் உதவித்தொகையும் கழித்த தொகை. 7.5-இல் சேர்ந்த பிள்ளைக்கு அங்கே பூஜ்யம் இருக்கட்டும். 'இதர கட்டணம்' என்று கல்லூரி நீட்டும் துண்டுச் சீட்டுக்கு எதிராகக் காட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும். சான்றிதழுக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்குச் சேர்க்கை முடியும்வரை சலுகையை நிறுத்தி வைக்காதீர்கள். உதவி பெறும் பள்ளி விஷயத்தையும் பாருங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், நாளாகும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடப் பிளஸ் டூவில் எங்களிடம் 64 பேர். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகப்போகிறவர்கள் 41 பேர். பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் வி.ஏ.ஓ.வையும் ஆர்.ஐ.யையும் ஒரே ஒரு நாள் அனுப்புங்கள். வேதியியல் ஆய்வகத்தில் மேசை நாற்காலி போட்டுத் தருகிறேன். மின்விசிறி ஒன்று ஓடாது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்