போகக்குள்ள ரெண்டரை, வரக்குள்ள ஏழு: கட்டார் ரிக்கற்றில காட்டுற நேரத்தப் பத்தி

எங்கட வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டாருக்கு ரிக்கற் எடுத்துட்டுப் போன கனபேர் மறுகா போன் எடுத்துக் கேக்கிறது ஒண்டுதான், போகக்குள்ள ரெண்டரை மணித்தியாலம் காட்டுது, வரக்குள்ள ஏழுக்கு மேல காட்டுது, எங்கயாவது சுத்திட்டா வாறது எண்டு. இல்ல. ரெண்டும் நேரடி பிளைட்தான், தூரமும் ஒண்டுதான். கட்டுநாயக்கவில இருந்து டோஹாவுக்கு ஆகாயத்தால கிட்டத்தட்ட 3,600 கிலோமீற்றர், போக 5 மணித்தியாலம் மட்டில எடுக்கும்.

ரிக்கற்றில அடிக்கிற நேரம் எல்லாம் அந்தந்த ஊர் மணிக்கூட்டு நேரம். கட்டார் நம்மளவிட ரெண்டரை மணித்தியாலம் பிந்தி. அப்ப காலம 10 மணிக்கு இங்க வெளிக்கிடுற பிளைட் டோஹாவில இறங்கக்குள்ள உங்கட கையில கட்டின மணிக்கூட்டில பின்னேரம் 3 மணி, அங்க பகல் 12.30, ரிக்கற்றில இருக்கிறதும் அந்த 12.30தான். திரும்பி வரக்குள்ள அங்க இரவு 8 மணிக்கு ஏறினா இங்க அப்பவே 10.30, வந்து இறங்க விடியப்புறம் 3.15 ஆகிடும். சும்மா கழிச்சுப் பாத்தா ஏழேகால், ஆனா பிளேனுக்குள்ள இருக்கிறது 4 மணித்தியாலம் 45 நிமிஷம்தான். வரக்குள்ள அந்தக் கால் மணித்தியாலம் மிச்சமாகிறது காத்தால, குளிர் மாதங்கள்ல அரேபியாப் பக்கம் மேல மேற்கால இருந்து கிழக்கே பலமா வீசும், வாற பிளைட்டுக்கு அது பின்னால தள்ளும், போறதுக்கு எதிர்க் காத்து.

சவூதி, குவைத்துக்கும் இதே ரெண்டரைக் கணக்குதான். துபாய், ஓமான் ஒண்டரை. சிங்கப்பூர், மலேசியா நம்மளுக்கு ரெண்டரை முந்தி, அதால போகக்குள்ள நேரம் கூடக் காட்டும். சென்னைக்கு வித்தியாசமே இல்ல. அது 650 கிலோமீற்றர்தானே, முக்கால் மணித்தியாலத்தில போகேலாதா எண்டு கேக்கிறாங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்க முறை பாக்கிறது எல்லாம் சேந்துதான் 1 மணித்தியாலம் 20 நிமிஷம் போல வருது.

இதெல்லாத்தையும் விட முக்கியமா ஒண்டு, தயவு செஞ்சு கவனமா வாசிங்க. 15ஆம் திகதி 03.30 எண்டு போட்டிருந்தா அது 15ஆம் திகதி விடியப்புறம், அதாவது நீங்க 14ஆம் திகதி பின்னேரமே வீட்ட விட்டு வெளிக்கிடணும். 15ஆம் திகதி இரவு போய் நிண்டா பிளைட் அண்டைக்கு விடியப்புறமே போயிருக்கும், அந்தக் காசு திரும்பக் கிடைக்கிறது பெரிய கஷ்டம், கடன் பட்டு வெளிநாடு போற பிள்ளைகளுக்கு அது தாங்கேலாத அடி.

எயார்போட்டில 3 மணித்தியாலம் முந்தி நிக்கணும். மட்டக்களப்பில இருந்து 300 கிலோமீற்றர் மட்டில, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எண்டு வான்ல 7 மணித்தியாலம் வச்சுக்கொள்ளுங்க, ஹபரணைப் பக்கம் இரவில ரோட்டில யானை நிண்டா அசையேலாது. அந்த 03.30 பிளைட்டுக்குப் பின்னேரம் 4 மணிக்கே வான் ஏறுங்க. கல்முனை, அக்கரைப்பற்று ஆக்கள் இன்னும் முந்தி.

இனிமே நாங்க குடுக்கிற ஒவ்வொரு ரிக்கற்றிலயும் வீட்டில இருந்து வெளிக்கிட வேண்டிய திகதியையும் நேரத்தையும் தமிழ்ல பெரிசா எழுதித்தான் தருவம். வானுக்குச் சொல்லக்குள்ள அதப் பாத்துச் சொல்லுங்க, விளங்காட்டி கடைக்கு வாங்க.

இப்படிக்கு,
உங்கட ரிக்கற் கடை, மட்டக்களப்பு