78 லட்சமும் ஒரு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரும்

கோவில்பட்டி

அன்புள்ள சென்டர் ஃபார்வர்டுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே மாப்ள, நீ கேட்ட கேள்வி அப்படி. பையன் காலேஜை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு முழு நேரமும் ஹாக்கிதான் என்று நிற்கிறான், இந்திய அணியின் ஹர்மன்பிரீத்துக்கு லீக் ஏலத்தில் 78 லட்சம் கொடுத்தார்களாமே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். பெரம்பூரில் ரயில்வே சம்பளத்தில் வீடு கட்டி உட்கார்ந்துகொண்டு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதுகிறவனிடம் ஹாக்கி ஆடலாமா என்று கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த 78 லட்சம் உண்மைதான். 2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது சூர்மா கிளப் ஹர்மன்பிரீத்தை அந்த விலைக்கு எடுத்தது. அபிஷேக் 72 லட்சம், ஹர்திக் சிங் 70 லட்சம். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கு எடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையனை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் ஏலத்தில் செலவழிக்க அனுமதித்த தொகை 4 கோடி. அதற்குள் வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து 24 பேரை எடுக்க வேண்டும். சராசரி போட்டால் ஆளுக்கு 17 லட்சம்கூட வராது, அதிலும் பெரிய தலைகள் அள்ளிக்கொண்டது போக மிச்சம்தான் கடைசி வரிசைப் பையன்களுக்கு. அதற்கு அடுத்த மாதமே ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்த் ஒரே ஆளாக 27 கோடிக்குப் போனார். அந்தப் பணத்தில் ஆறே முக்கால் ஹாக்கி டீம் வாங்கலாம். (கிரிக்கெட்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. கொஞ்சம் உண்டு.)

இன்னொன்று, அந்த சீசன் நடந்தது ஐந்து வாரம். 2024 டிசம்பர் 28-இல் ஆரம்பித்து பிப்ரவரி 1-இல் ரூர்கேலாவில் ஃபைனல். மிச்சம் நாற்பத்தேழு வாரத்துக்கு ஆட்டக்காரன் என்ன சாப்பிடுவான் என்று ஏலத்தில் சுத்தியல் தட்டுகிறவர் சொல்வதில்லை. அதோடு லீக் எத்தனை வருஷம் நிற்கும் என்பது வேறு. நாம் பார்க்காததா? 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது, சென்னை வீரன்ஸ் என்று டீ ஷர்ட்கூட வாங்கினாய், போய்விட்டது. 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி, நாற்பது வயதைத் தாண்டிய தன்ராஜ் பிள்ளைகூட மறுபடி இறங்கி ஆடினார், ஒரே சீசன்தான், அதுவும் போய்விட்டது. 2013-இல் ஹாக்கி இந்தியா லீக், 2017-க்கு அப்புறம் ஏழு வருஷம் ஆள் அரவம் இல்லை. 2017-இல் இருபத்து நாலு வயதில் நல்ல ஃபார்மில் இருந்த ஒருவன், லீக் திரும்பி வந்தபோது முப்பத்தொன்று. அவனுடைய விலை போகக்கூடிய வருஷங்கள் எல்லாம் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிட்டன. அவன் எதில் பிழைத்தான் என்று நினைக்கிறாய்? ஏதாவது ஒரு அலுவலகத்தின் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில்தான்.

நம் ஊர் லட்சுமி அம்மாள் ஹாக்கி டோர்னமெண்டை நினைத்துப் பார். மே மாசம், வெயில் இறங்கி லைட் போட்டபிறகு கேலரியில் இடம் பிடித்து உட்கார்ந்து கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே என்ன பேசுவோம்? "இன்னைக்கு பேங்க்குக்கும் ரயில்வேக்கும்" என்போம். ஊர் பேரோ மாநிலம் பேரோ வராது. ஐசிஎஃப், ஐஓபி, பஞ்சாப் நேஷனல் பேங்க், நேவி, எல்லாமே சம்பளம் கொடுக்கிற இடத்தின் பேர். சின்ன வயதில் இது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. இந்திய ஹாக்கியில் காண்ட்ராக்ட் என்றால் இதுதான், அந்தப் பேர்ப்பலகையில் எழுதியிருக்கிறதே அதுதான். தயான் சந்துக்கும் அதேதான். பதினாறு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தார், மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். அவரை யாரும் ஏலம் எடுக்கவில்லை. பட்டாளம் சோறு போட்டது, அவர் ஆடினார்.

என் கதை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பையனுக்குச் சொல். ஒரு பெரிய அலுவலகத்தின் டீமுக்கு நான் கெஸ்ட் பிளேயராக மூன்று டோர்னமெண்ட் ஆடினேன். பஸ் செலவும் சாப்பாடும் மட்டும். மேனேஜர் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் தோளில் கை போட்டு "ஆர்டர் அடுத்த மாசம் வந்துரும் தம்பி" என்பார். கடைசி டோர்னமெண்டில் ஸ்டிக் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டது, புதுசு வாங்கக் காசில்லாமல் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கரண்ட் டேப் ஒட்டி ஆடினேன். பந்தை அடித்தால் சத்தமே வராது, தொப்பென்று விழும். ஃபைனலில் நீ போட்ட இரண்டு கோலும் அந்தத் தொப் ஸ்டிக்கிலிருந்து வந்த பாஸ்தான், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த மாசம் அந்த அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உனக்கு ரயில்வே ஆர்டர் வந்தது. எனக்கு வரவில்லை. நீ என்னைவிட நன்றாக ஆடினாய், அதில் சந்தேகமில்லை, ஆனால் அவ்வளவு தூரம் நன்றாக ஆடவில்லை.

இதற்காக ஹாக்கியைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. 2025 டிசம்பரில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு மதுரைக்கு வேன் பிடித்துப் போனோம், பத்துப் பேர். நீல டர்ஃபில் தண்ணீர் தெளித்து விளக்கு வெளிச்சத்தில் அது மினுங்கியதைப் பார்த்ததும், கரிசல் காட்டுப் புழுதியில் ஆடிய எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம் சென்னையில் நடந்த வெண்கல மேட்சை டிவியில் பார்த்தேன். அர்ஜென்டினாவிடம் 0-2, கடைசி குவார்ட்டர், சரி போச்சு என்று சேனலை மாற்றப் போனேன், நாலு கோல் அடித்து 4-2. அந்தப் பையன்களில் எத்தனை பேர் சீனியர் டீமுக்கு வருவார்கள்? ஜூனியர் டீமில் தெரிந்த முகங்களில் பாதி அப்படியே காணாமல் போவதை நாம் வருஷக் கணக்காகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசினால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரே வெண்கலம், ஒரே டீம். ஹாக்கியை நடத்துகிற சங்கமான ஹாக்கி இந்தியா ஆளுக்கு 15 லட்சம் என்றது. அப்புறம் மாநிலங்கள் ஆரம்பித்தன. ஒடிசா ரோஹிதாஸுக்கு 4 கோடி, கேரளா கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு 2 கோடி, பஞ்சாப் தன் ஆட்டக்காரர்களுக்குத் தலா 1 கோடி. காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர் ரோஹிதாஸ். பத்துப் பேரோடு நாற்பது நிமிஷத்துக்கு மேல் பிரிட்டனைத் தாங்கி, ஷூட் அவுட்டில் காப்பாற்றியவர் ஸ்ரீஜேஷ். ரோஹிதாஸைக் குறை சொல்லவில்லை, பெனால்டி கார்னரில் முதலில் ஓடிப் பந்தை உடம்பில் வாங்குகிறவர் அவர், அந்த வேலைக்கு எத்தனை கோடியும் தகும். நான் சொல்வது வேறு. எந்த ஊரில் பிறந்தாய் என்பதுதான் மெடலின் விலையைத் தீர்மானிக்கிறது. இதையெல்லாம் எதிர்பார்த்து ஒரு பையன் காலேஜை விட முடியுமா?

நீ விருதுகளைப் பற்றியும் எழுதியிருந்தாய், தயான் சந்துக்குப் பாரத ரத்னா கொடுக்கவில்லையே என்று. எனக்கு அந்தப் பேச்சு அலுத்துப்போய்விட்டது மாப்ள. 2014-இல் சச்சினுக்குக் கொடுத்தபோது நானும் கத்தினேன். 2021-இல் கேல் ரத்னா விருதுக்கு தயான் சந்த் பேரை வைத்தார்கள், அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐ தேசிய விளையாட்டு தினம் என்கிறோம், இனி பாரத ரத்னா வந்தாலும் அது மேடையில் போட்டோ எடுக்கத்தான். மனுஷன் 1979-இல் டெல்லி எய்ம்ஸில் ஜெனரல் வார்டில் கிடந்து செத்தார். கொடுக்க வேண்டியதை அப்போது கொடுத்திருக்க வேண்டும்.

தன்ராஜை எடுத்துக்கொள். புனே பக்கம் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பா கிரவுண்ட்ஸ்மேன், உடைந்த ஸ்டிக்கை ஒட்டுப்போட்டுப் பழகியவர். (நான் சைக்கிள் டியூப் சுற்றியதை இதோடு ஒப்பிட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை. 1998 பாங்காக்கில் 32 வருஷத்துக்கு அப்புறம் ஏஷியன் கேம்ஸ் தங்கம், அவர்தான் கேப்டன். திரும்பி வந்ததும் அடுத்த தொடருக்கு அவரையும் இன்னும் ஆறு சீனியர்களையும் எடுக்கவில்லை. ஓய்வு கொடுத்தோம் என்றார்கள். மேட்ச் ஃபீஸ், வசதி என்று வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அதற்கு அடுத்து அவருக்குக் கேல் ரத்னாவும் கொடுத்தார்கள். ஒரு கையால் தள்ளிவிட்டு இன்னொரு கையால் மாலை போடுவது நம் ஆட்கள் வழக்கம். இப்போதாவது ஜெயிக்கிற மேட்சுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தன்ராஜ் காலத்தில் கேட்டது இவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த மரியாதை ஸ்ரீஜேஷுக்குச் செய்ததுதான். சீனியர் டீமில் 16-ஆம் நம்பர் சட்டை இனி யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேல் ரத்னாவும் பத்ம பூஷணும் அவருக்கு உண்டு. ஆனால் அவற்றை முடிவு செய்கிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். சட்டையை மடித்து எடுத்து வைத்தது ஹாக்கி இந்தியாவே. கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் வாங்குவதற்கு அப்பா பசுவை விற்ற வீட்டுப் பையன், அந்த நம்பர் இனி அவனோடே. எழுதும்போதே கண் கலங்குகிறது, வயசாகிறது போல.

சரி, உன் பையனுக்கு வருவோம். ஆடட்டும். நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நீயும் கேட்க மாட்டாய். ஆனால் டிகிரியை முடிக்காமல் ஆடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சில வேலைக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது போதும், ஆனால் பதவி உயர்வு என்று வரும்போது டிகிரி இல்லாதவன் கிளார்க்காகவே நின்றுவிடுவான், உன் ஆபீஸிலேயே உதாரணம் இருக்கும். தமிழ்நாட்டு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அதற்கு எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று இப்போதே விசாரித்து ஒரு ஃபைலில் போட்டு வை. நான் ஆடிய மூன்று டோர்னமெண்டுக்கும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இந்தியாவுக்கு ஆடிய கார்த்தி செல்வத்தைக் காட்டு அவனுக்கு. அரியலூர்ப் பையன், நம் ஊர் ஹாஸ்டலில் வளர்ந்தவன், 2022 ஆசியக் கோப்பையில் முதல் மேட்சிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல். அதே டீமில் நம் மாரீஸ்வரன் சக்திவேல். இரண்டுமே கஷ்டப்பட்ட வீடு. அன்றைக்கு கிருஷ்ணா நகர் பக்கம் டீக்கடையில் ஒருத்தரும் காசு கொடுக்கவில்லை, கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அந்த டீதான் ஞாபகத்தில் நிற்கிறது, 78 லட்சம் இல்லை.

உன் பையன் என்ன பொசிஷன் என்று எழுதவே இல்லையே? உன்னை மாதிரி கோல் முன்னால் நின்றுகொண்டு பாஸ் கொடு பாஸ் கொடு என்று கத்துகிறவனாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரைட் ஹாஃப் என்றால் சொல், என்னிடம் அந்தப் பழைய ஸ்டிக் இன்னும் பரணில் இருக்கிறது, டியூபெல்லாம் உருகி ஒட்டிப்போய்விட்டது.

மே மாசம் டோர்னமெண்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. தங்க நம் வீடு இருக்கிறது. மேற்குப் பக்கக் கேலரியில் இடம் போட்டு வைக்கிறேன், சாயங்காலம் ஐந்துக்கு முன்னால் வந்துவிடு, போன தடவை மாதிரி இரண்டாவது குவார்ட்டரில் பையைத் தூக்கிக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
உனக்கு பாஸ் கொடுத்தே காலம் போன ரைட் ஹாஃப்