அஸ்பாரகஸ் பாத்தியில் பூச்செடிக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். காய்கறிப் பாத்தியில் காய்கறி மட்டும்தான் இருக்க வேண்டும். பூச்செடி வேண்டுமென்றால் வேலியோரம் தனிப் பாத்தி. அப்போதுதான் பார்க்க ஒழுங்காக இருக்குமாம், கொசு வராதாம், தேனீ கொட்டாதாம். இதன்படி என் அஸ்பாரகஸ் பாத்தியில் இருக்கும் செண்டுமல்லியையும் பத்துமணிப்பூவையும் இந்த மாதக் கடைசிக்குள் நான் பிடுங்கிவிட வேண்டும். வேறு வட்டாரங்களில் தோட்டம் போடும் தோழிகளும் இதே பேச்சு அங்கேயும் கிளம்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். அதனால்தான் தோட்டக் குழுவிடம் பேசுவதோடு நிறுத்தாமல் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை நடத்தி ஓய்வுபெற்றவள். தாவரவியல் படித்தவள் அல்ல. ஆனால் இந்தப் பாத்தியைத் தினமும் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் அஸ்பாரகஸா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். வரும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே இனத்துச் செடிதான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து, வேர் மட்டும் உறங்கி, வசந்தத்தில் குருத்து விடும். விதைத்து இரண்டு மூன்று ஆண்டு அறுக்காமல் காத்திருப்பார்கள். நமக்கு ஏது பனிக்காலம்? தாய்லாந்து விவசாயிகள் செய்வதுபோல ஒவ்வொரு செடியிலும் நாலைந்து தண்டைத் தாய்த்தண்டாக வளரவிட்டு, அப்புறம் வரும் குருத்தை மட்டும் அறுத்துக்கொண்டே இருக்கலாம். தாய்த்தண்டு முதிர்ந்து மஞ்சளானால் அதை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை விட வேண்டும். என் குருத்து பேரங்காடிக் கட்டில் இருப்பதுபோல் பருமனாக இருக்காது, பென்சில் அளவுதான். தேங்காய்த்துருவல் போட்டுப் பொரியல் செய்ய அது போதும்.

இந்தச் செடியில் ஒரு சிக்கல் உண்டு. தண்டு ஆள் மார்பளவு உயர்ந்தாலும் இலை என்று பார்த்தால் வெறும் பச்சை நூல்தான். வெயில் நேரே மண்ணில் விழும். நம் ஊர் வெயிலும் மழையும் பட்டால் வெறும் மண் ஒரு வாரம் சும்மா இருக்குமா? கோரை முளைக்கும், புல் முளைக்கும். கொத்திக் களை எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் அதன் சதைப்பற்றான வேர்கள் மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவியிருக்கும்; மண்வெட்டி பட்டால் செடிக்குத்தான் கேடு. கத்தரி, வெண்டை என்றால் ஒரு பருவம் முடிந்ததும் மொத்தமாகக் கிளறிவிடலாம். இதுவோ ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிற செடி. ஆக, மண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக வேர் விடாமல், தாழ்வாகப் படர்கிற ஒன்று அங்கே வேண்டும். பத்துமணிப்பூ அதற்கென்றே செய்தது. வெயிலைக் கேட்கும், தண்ணீரை அதிகம் கேட்காது, வேர் மேலாகவே நிற்கும், கையால் இழுத்தால் வந்துவிடும்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. ஈரமான வெப்ப நாடுகளில் அஸ்பாரகஸுக்குப் பெரிய எதிரி தண்டுக் கருகல் நோய். பூஞ்சையால் வருவது. தண்டில் நீளவாக்கில் பழுப்புப் புள்ளி விழுந்து, மேலே எல்லாம் காய்ந்துபோகும். கீழே கிடக்கும் பழைய தண்டிலிருந்து மழைத்துளி தெறித்துத்தான் அது பெரும்பாலும் புதுத் தண்டுக்கு ஏறுகிறது. மண்ணை ஏதாவது மூடியிருந்தால் தெறிப்பு குறையும். அதற்காக அடர்த்தியாக நட்டுக் காற்றை அடைத்தாலும் அதே நோய்தான் வரும். அதனால் நான் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு சாண் இடம் விட்டு, இடைவெளியில்தான் பூவை விடுகிறேன். நோய்கண்ட தண்டை உடனே வெட்டிப் பையில் கட்டி வெளியே போட்டுவிடுவேன், உரக்குழியில் போடுவதில்லை.

சரி, செண்டுமல்லி எதற்கு? இங்கே கொஞ்சம் உண்மை பேச வேண்டும். செண்டுமல்லி நட்டால் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழு செத்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதன் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருப்பது மெய்தான். ஆனால் பாத்தி முழுக்க அதையே நெருக்கி நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதன்பின் காய்கறி போட்டால்தான் சொல்லும்படி பலன். ஓரத்தில் நாலு செடி வைத்துவிட்டு நூற்புழு ஓடிவிடும் என்று நம்பக்கூடாது. போதாக்குறைக்கு அஸ்பாரகஸ் வேரிலேயே நூற்புழுவுக்குப் பிடிக்காத ஓர் அமிலம் இருக்கிறது. செண்டுமல்லி அஸ்பாரகஸ் வண்டை விரட்டும் என்பது இன்னொரு பேச்சு. அந்த வண்டு ஐரோப்பா, அமெரிக்கா தோட்டக்காரர்களின் தலைவலி. எனக்குத் தலைவலி செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினியும் மாவுப்பூச்சியும்தான்.

நான் செண்டுமல்லி வைத்திருப்பது அந்த அசுவினிக்காக. குளவிபோல் மஞ்சள் கோடு போட்ட சின்ன ஈ ஒன்று பூவுக்கு மேலே அந்தரத்தில் நிற்குமே, பார்த்திருப்பீர்கள். அதற்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். அதன் புழுவுக்கோ அசுவினிதான் சாப்பாடு. பொறிவண்டும் அப்படித்தான் வந்து சேரும். பூவே இல்லாத பாத்திக்கு இவை எதற்காக வரப்போகின்றன?

ஆனால் எந்தச் செண்டுமல்லி என்பது முக்கியம். தேக்காவில் மாலை கட்டுகிறார்களே, அந்தப் பந்துபோன்ற பூவில் இதழ் அடைத்துக்கொண்டிருப்பதால் பூச்சிக்குத் தேன் எட்டுவது கடினம். மழையில் நனைந்தால் அழுகியும் போகும். சாமிக்குப் போட்ட மாலையைக் காயவைத்து விதைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பூசைக்கு அது சரி, பாத்திக்கு ஒற்றையடுக்குக் குட்டை வகைதான் நல்லது. ஆரஞ்சு நிறக் காஸ்மோஸும் நல்லது, ஆனால் உயரமாக வளரும், ஓரத்தில் வையுங்கள். துளசியைப் பூக்கவிட்டால் தேனீ மொய்க்கும். வெளிநாட்டுக் காணொளியில் காட்டும் நஸ்டர்ஷியம் நம் சூட்டில் வாடி வதங்கும், காசு வீண். சங்குப்பூவை மட்டும் தயவுசெய்து வேலியிலேயே வையுங்கள். எங்கள் தோட்டத்து மக்சிக் (மலாய்க்கார அம்மா) பலகாரத்துக்கு அதைத்தான் பறிப்பார், எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தக் கொடி ஏறினால் அஸ்பாரகஸ் தண்டு மடிந்து படுத்துவிடும்.

இனி கொசு. குழுவில் உள்ள தம்பி, “ஆன்ட்டி, டெங்கி வந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தொட்டித் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டுங்கள், கெட்டித்துப்போன மண்ணைக் கிளறுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள் என்றுதான் தேசிய சுற்றுப்புற வாரியமும் சொல்கிறது. தரையில் நட்ட செண்டுமல்லியில் தண்ணீர் எங்கே தேங்கும்? புதராக மண்டினால் கொசு பகலில் ஒதுங்கும் என்பது உண்மை. அதற்குக் கத்தரித்துவிட்டால் போதும். அதே தோட்டத்தின் தண்ணீர்க்குழாய் அருகே வாரக்கணக்கில் நிமிர்ந்து கிடக்கும் வாளிகளைப் பற்றி எந்த விதியும் இல்லை என்பதையும் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

தேனீ? பூவில் வேலையாக இருக்கும் தேனீ நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது வராவிட்டால் குழுவினரின் பூசணிக்கும் பாகலுக்கும் யார் மகரந்தம் கொண்டுவருவார்கள்? பிள்ளைகளின் பாதுகாப்புதான் கவலை என்றால் என் பாத்தியிலேயே வேறொன்று இருக்கிறது: பெண் அஸ்பாரகஸ் செடியில் காய்க்கும் சிவப்புப் பழம். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், தின்றால் வயிற்றைக் கலக்கும். அதை நான் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுகிறேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இன்று தீவு முழுவதும் 2,000க்கு மேற்பட்ட தோட்டங்கள் வந்துவிட்டன. அவற்றில் எத்தனையோ குழுக்கள் இப்படித்தான் விதி எழுதிக்கொண்டிருக்கும். எழுதட்டும், விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூச்செடி முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, பாத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், வாடிய பூவை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும், செய்யாதவர் பாத்தியில் மட்டும் பிடுங்கலாம் என்று எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி