பார்டர் தாண்டி வேலைக்கு போறவங்களுக்கு வைத்தியம் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தினமும் பக்கத்து நாட்டுக்கு வேலைக்கு போய்ட்டு ராத்திரி வீடு திரும்புறவங்களோட மருத்துவ உரிமைய பத்தி யாருமே சரியா எடுத்து சொல்றதில்லைங்க. ஐரோப்பிய யூனியன்ல 883/2004னு ஒரு சட்டம் இருக்கு, அதுபடி வாரத்துக்கு ஒரு தடவையாவது வீடு திரும்பினா போதும், இன்சூரன்ஸ் பணம் பிடிக்கிறது வேலை பாக்குற நாடு, ஆனா வைத்தியம் ரெண்டு நாட்டுலயும் பாத்துக்கலாம். அதுக்கு எஸ்1 ஃபார்ம், அதாவது வேலை பாக்குற நாட்டு இன்சூரன்ஸ்ல நீங்க இருக்கீங்கன்னு காட்டுற சான்று, வாங்கி வீடு இருக்குற நாட்டுல பதிவு பண்ணி வச்சிருக்கணும். இது தெரியாம காய்ச்சல்ல கொதிக்கிற புள்ளைய தூக்கிட்டு போய் கவுன்டர்ல நின்னா, சிஸ்டம்ல உங்க பேரே இல்லன்னு முழு பில்லையும் நீட்டிடுறாங்க, மாசாமாசம் சம்பளத்துல பணம் போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! பிரான்ஸ்ல குடியிருந்து சுவிஸ்ல வேலை பாக்குறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், எந்த நாட்டு இன்சூரன்ஸ்னு அவங்களே முடிவு பண்ணலாம், ஆனா அதுக்கு 3 மாசம்தான் டைம், அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம். வேலைல சேர்ற அன்னைக்கே கம்பெனி இந்த விவரத்தையெல்லாம் கையில குடுக்கணும்னு கட்டாயம் ஆக்கணும், நீங்களும் உங்க பேப்பர்ல இத விளக்கமா ஒரு தடவ போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்