கையெழுத்துப் போடாதது மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அகதிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிற 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் நம் நீதிமன்றங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். வக்கீல்கள் சிலரும் இதையேதான் சொல்கிறார்கள். பாலாற்றங்கரையில் இருக்கும் எங்களால் இதை அவ்வளவு சுலபமாக ஏற்க முடியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கெல்லாம் அதிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னதே, அது எங்கிருந்து வந்தது? ஐ.நா.வின் ஸ்டாக்ஹோம், ரியோ சுற்றுச்சூழல் மாநாடுகள் வரை போய் எடுத்து, இது வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் (எழுதிக் கையெழுத்திடாமலே நாடுகள் கட்டாயம் என்று ஏற்று நடக்கும் வழக்கம்) ஆகிவிட்டது, உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணில்லாத வரை நம் சட்டத்தின் பகுதிதான் என்றார்கள். இத்தனைக்கும் ரியோ பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே கிடையாது!

அதற்கும் முன்னால், 1980இல், கொச்சின் வங்கிக்குக் கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போடலாமா என்ற வழக்கு வந்தது. கடனுக்காக ஆளைச் சிறையில் தள்ளக் கூடாது என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருந்தது, ஆனால் அதற்கென்று இங்கே சட்டம் எதுவும் இயற்றவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் என்ன செய்தார்? உடன்படிக்கை நேரடியாக இங்கே செல்லாது என்று ஒப்புக்கொண்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவை அதற்கு இணங்கப் படித்து, கையில் காசில்லை என்பதற்காக மட்டும் யாரையும் உள்ளே தள்ள முடியாது என்றார். 1997 விசாகா வழக்கும் இதே வழிதான்: பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கச் சட்டம் இல்லாத இடத்தைப் பெண்களுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தைக் கொண்டு நிரப்பினார்கள். நாடாளுமன்றம் சட்டம் போட 2013 ஆயிற்று, அது தனிக்கதை.

சரி, மியான்மரிலிருந்து தப்பி வந்து ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற மனு 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது என்ன ஆயிற்று? உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத சர்வதேச ஒப்பந்தங்களிலிருந்து நீதிமன்றங்கள் வழிகாட்டுதல் பெறலாம் என்று அந்த உத்தரவும் சொல்கிறது. ஆனால் இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே என்ற ஆட்சேபத்தைக் காட்டி, உரிய நடைமுறைப்படி திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

வெளிநாட்டினர் சட்டம் (முன்பு 1946ஆம் ஆண்டுச் சட்டம், 2025 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம்) அரசுக்கு வெளியேற்றும் அதிகாரம் தருகிறதே, அது முரண் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதைத்தான் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும். என் வாதம் இதுதான்: வெளியேற்றலாம் என்று சட்டம் சொல்கிறது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கே அனுப்பியாக வேண்டும் என்று சொல்லவில்லை. 51ஆம் பிரிவைப் படித்தது போல இதையும் உயிர் வாழும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்கலாம், 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம் இரண்டு ஈராக்கியர் விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் படித்தது. கையெழுத்து இல்லை என்பது சாக்கு. ஆற்றுக்குத் தேவைப்படாத கையெழுத்து ஆளுக்கு மட்டும் எதற்கு?

1983 முதல் இங்கே வந்து முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்ற வழிசெய்யும் அரசியல் சாசனத்தின் 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றமே ஓர் அகதிகள் சட்டம் இயற்றினால் இந்த வம்பே இருக்காது. சசி தரூர் 2015இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே போனது. நம் எம்.பி.க்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு ஒரு செய்தி போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாணியம்பாடி