மலருக்கு, உன் கட்டுரையைப் பற்றி

கடலூர் முதுநகர்

அன்புள்ள மலர்,

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் பற்றி நீ எழுதிய கட்டுரையை ரெண்டு தடவை படித்தேன். அவருடைய 'மரக்கறி' நாவலையும் மறுபடி எடுத்துப் படித்தேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள்.

முதல் பக்கத்திலேயே ஐரோப்பிய எழுத்தாளர் காஃப்கா மூன்று இடத்தில் வந்துவிடுகிறார், கொரியாவைக் காணோம். நாவலின் நாயகி யோங்ஹே கறி சாப்பிட மாட்டேன் என்றதும், எல்லார் முன்னாலும் அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கிறாரே அவளுடைய அப்பா, அவர் யார்? வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். கொரியா ஏன் அந்தப் போருக்கு ஆள் அனுப்பியது என்று தேடிப் படி. அப்புறம் அந்தக் கையைப் பற்றி எழுத உனக்கு நிறைய இருக்கும்.

நாவல் 2007-ல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2016-ல் சர்வதேச புக்கர் கிடைத்ததும், அதில் பிழைகள் இருப்பதாகக் கொரியாவில் பெரிய விவாதமே நடந்தது. ஆங்கிலத்தில் உள்ள ஒற்றைச் சொல்லை வைத்து வாதம் கட்டுகிறாயே, கொரிய மொழி தெரிந்தவர் யாரிடமாவது மூலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடு.

இன்னொன்று. யோங்ஹே கறியை விட்டதை 'தூய்மை' என்கிறாய். அது நம்ம ஊர்ப் பார்வை, மலர். சைவம் என்றாலே நமக்குச் சாதியும் சாமியும் கூடவே வந்து நிற்கும். அவள் சொல்வதோ 'கனவு கண்டேன்' என்பது மட்டும்தான். உன் சின்ன அத்தையை நினைத்துக்கொள். புரட்டாசியில் நம் வீட்டில் மீன் வாங்குவதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. அவள் தை மாதத்தில் ஒருநாள் 'எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம்' என்றாள். தாத்தா அவள் சோற்றின் மேல் ஒரு துண்டு சங்கரா மீனை வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குழம்பு ஆறி, சோறு காய்ந்துபோனது. நான் கரண்டியோடு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கதையைக் கணவன், அக்காள் கணவன், அக்காள் என்று மற்றவர்கள் பார்வையிலேயே நகர்த்தி, யோங்ஹேவுக்குக் கனவுத் துண்டுகளை மட்டும் விட்டிருப்பதை நீ அழகாகப் பிடித்திருக்கிறாய். ஆனால் மூன்றாம் பகுதிக்கு நாலே வரி. அப்பாவின் கையைத் தடுத்திருக்கலாமே என்று அந்த அக்காள் நினைத்து நினைத்து மாய்ந்துபோவது அங்கேதான்.

அதை விரித்து எழுதி அனுப்பு. அத்தைக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா